கடைக் கணக்கு கணிப்பொறியில் எங்கே இருக்கிறது?

பலசரக்குக் கடை வைத்திருக்கும் நமது நண்பர்கள் பலரிடம் ஒரு கேள்வியைக் கேட்டுப் பார்த்திருக்கிறோம். "உங்கள் கடைக் கணக்கு எங்கே இருக்கிறது?" என்பதுதான் அந்தக் கேள்வி. முப்பது ஆண்டுகளுக்கு முன்பு கேட்டிருந்தால், கல்லாவுக்குப் பின்னால் உள்ள அலமாரியைக் காட்டி, "மேல் தட்டில் பேரேடு, கீழ்த் தட்டில் நாள்வழி, பழைய வருஷத்துச் சிட்டையெல்லாம் வீட்டுப் பரணில்" என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்லியிருப்பார்கள். இன்று அதே நண்பர்கள் கணிப்பொறித் திரையில் இருக்கும் ஒரு சிறு படத்தை விரலால் தொட்டு, "இதோ, இதற்குள்ளேதான்" என்கிறார்கள்.

அந்தப் படத்திற்குள் கணக்கு இல்லை. அது கடை வாசலில் தொங்கும் பெயர்ப்பலகை மாதிரி. பலகையைக் கழற்றி எடுத்துப் போனால் சரக்கும் கூடவே வந்துவிடுமா?

வந்துவிடும் என்று நம்பிய ஒருவரை நமக்குத் தெரியும். நம்மிடம் பருப்பும் வத்தலும் எடுக்கும் சில்லறை மளிகைக் கடைக்காரர். ஊரும் பெயரும் வேண்டாம். அவருடைய மகன் பொறுப்பான பிள்ளை. தினமும் இரவு கடை சாத்துமுன் பென் டிரைவைச் சொருகி, டாலி படத்தை மவுஸால் இழுத்து அதில் போட்டுவிடுவான். பதிந்திருக்கிறதா என்று சோதித்தும் பார்ப்பான். பென் டிரைவில் இருக்கும் படத்தைத் தட்டினால் டாலி திறக்கும், அன்றைய பில் வரைக்கும் கணக்கு அப்படியே தெரியும். இதற்கு மேல் என்ன சோதனை வேண்டும் என்றுதானே யாரும் நினைப்பார்கள்?

2022-இல் ஒரு நாள் காலையில் கணிப்பொறி எழுந்திருக்கவில்லை. ஹார்ட் டிஸ்க் போய்விட்டது. வேறு கணிப்பொறி வாங்கி வந்து பென் டிரைவைச் சொருகினார்கள். ஒன்றும் திறக்கவில்லை. எட்டு மாதமாகத் தினந்தோறும் ஏற்றி வைத்தது கணக்கை அல்ல, கணக்கு இருக்கும் இடத்தைக் காட்டும் ஓர் அம்புக்குறியை. ஷார்ட்கட் என்பது அதற்குப் பெயர். அது சுட்டிக் காட்டிய இடம் பழைய கணிப்பொறிக்குள் இருந்தவரையில் எங்கிருந்து தட்டினாலும் கணக்கு திறந்தது. அந்த இடமே போன பிறகு எதைத் திறக்கும்?

"தினமும் ஏத்திக்கிட்டுத்தானே இருந்தான், அண்ணாச்சி" என்று அந்தத் தகப்பனார் நம்மிடம் சொன்னபோது பதில் சொல்ல நமக்கு வார்த்தை வரவில்லை. மகன் தலை நிமிரவே இல்லை.

ஜி.எஸ்.டி. விஷயத்தில் அவர் ஓரளவு தப்பித்தார். வாங்கிய சரக்குக்கு நம்மைப் போன்ற மொத்த வியாபாரிகள் போட்ட பில்லும், பதிவு பெற்ற வியாபாரிகளுக்கு அவர் விற்ற பில்லும் அரசாங்கத்தின் இணையதளத்திலேயே கிடைத்தன. ஆனால் தெருவாசிகளுக்கும், டீக்கடைக்கும், சமையல்காரர்களுக்கும் கொடுத்த கடன் பாக்கி எந்த அரசாங்கத்திடமும் இல்லை. அந்த வகைச் சில்லறை விற்பனை மொத்தத் தொகையாக மட்டுமே அங்கே போகும். சிலர் தாமாகவே வந்து, "என் கணக்கில் இவ்வளவு நிற்க வேண்டும்" என்று சொல்லிக் கொடுத்தார்கள். சிலர் அந்தப் பக்கம் வருவதையே நிறுத்திக் கொண்டார்கள். மீதியைத் துண்டுச் சீட்டுகளையும் ஞாபகத்தையும் வைத்துத் தேற்ற வேண்டியதாயிற்று.

கவுண்ட்டர் கடையும் எடுத்துக்கொள்ளும் கடையும்

இந்தச் சங்கதியைச் சொன்னால், விவரம் தெரிந்த இளைஞர்கள் சிலர், "படம் பார்த்துத் தட்டிப் பழகினால் இப்படித்தான் ஆகும், அந்தக் காலத்து டாஸ் மாதிரி கட்டளையை டைப் அடிக்கத் தெரிந்திருக்க வேண்டும்" என்கிறார்கள். வேறு சிலர், "மவுஸ் வந்த பிறகு கட்டளை எதற்கு? மாட்டு வண்டி ஓட்டக் கற்றுக்கொள்ளச் சொல்கிறீர்களா?" என்று கேலி செய்கிறார்கள். இரண்டு பேச்சையும் நாம் அப்படியே ஒப்புக்கொள்வதற்கில்லை. கணிப்பொறியில் புதிதாகக் கை வைக்கும் ஒரு வியாபாரிக்கு எது நல்லது என்பதை நமது தொழிலின் கண்ணாலேயே பார்த்துவிடலாம்.

பழைய மளிகைக் கடையில் வாடிக்கையாளர் வெளியே நிற்பார். சரக்கு உள்ளே இருக்கும். "துவரம் பருப்பு அரைக் கிலோ, சீரகம் ஐம்பது கிராம்" என்று அவர் சொல்ல, பையன் எடுத்து நிறுத்துப் பொட்டலம் கட்டிக் கொடுப்பான். வேண்டியதன் பெயர் தெரிந்தவருக்கு இதைவிட வேகமான முறை இல்லை. பெயர் தெரியாதவர் அந்த இடத்தில் விழிக்க வேண்டியதுதான். கட்டளை முறை என்பது இந்தக் கவுண்ட்டர் கடை.

1916-இல் அமெரிக்காவில் மெம்பிஸ் என்ற ஊரில் கிளாரன்ஸ் சாண்டர்ஸ் என்பவர் பிக்லி விக்லி என்ற பெயரில் ஒரு மளிகைக் கடையைத் திறந்தார். வாடிக்கையாளரே கூடையோடு உள்ளே போய்த் தட்டுகளைப் பார்த்து எடுத்துக்கொண்டு, வெளியே வரும் வழியில் பணம் கட்டினார். இன்று நம் ஊர்த் தெரு முனை வரைக்கும் வந்துவிட்ட டிபார்ட்மெண்டல் கடைகளுக்கெல்லாம் அதுவே முன்னோடி. பெயர் தெரிய வேண்டியதில்லை; பார்த்தால் அடையாளம் தெரிந்தால் போதும். விண்டோஸில் மஞ்சள் நிறப் போல்டர்களை வரிசையாகக் காட்டும் முறை இந்த வகையைச் சேர்ந்தது. ஞாபகம் வைத்துச் சொல்வது கடினம், பார்த்துக் கண்டுகொள்வது சுலபம். சமாச்சாரம் இவ்வளவுதான். இதைப் பெரிய சாஸ்திரமாக ஆக்க வேண்டியதில்லை.

வேடிக்கை என்னவென்றால், இவ்விரண்டு வகைக் கணிப்பொறியும் 1981 என்ற ஒரே ஆண்டில் விற்பனைக்கு வந்தன. சீராக்ஸ் கம்பெனி போல்டர் படங்களும் மவுஸும் கொண்ட ஸ்டார் என்ற கணிப்பொறியை வெளியிட்டது. விலை பதினாறாயிரம் டாலருக்கு மேல். அதே ஆண்டு ஆகஸ்டில் ஐ.பி.எம். கம்பெனி, கட்டளை டைப் அடிக்கும் டாஸ் முறையில் ஓடும் பி.சி.யை வெளியிட்டது. அதன் ஆரம்ப விலை 1,565 டாலர். எது விற்றிருக்கும் என்பதை வியாபாரிகளான உங்களுக்கு நாம் சொல்லவும் வேண்டுமோ? படம் காட்டும் முறை பலருடைய கைக்கு வர 1984-இல் ஆப்பிள் கம்பெனியின் மெக்கின்டாஷும், 1990-இல் விண்டோஸ் 3.0-வும் வர வேண்டியிருந்தது.

கறுப்புத் திரைக் காலம்

தொண்ணூறுகளில் கடைகளில் கணிப்பொறி வைத்தவர்களுக்கு அந்தக் கறுப்புத் திரை நினைவிருக்கும். 'சி' என்ற எழுத்தும், ஒரு முக்காற்புள்ளியும், சாய்கோடும், கண் சிமிட்டும் ஒரு சிறு கோடும். அவ்வளவுதான். நாம் ஏதாவது சொல்லும்வரை அது வாய் திறக்காது. 'டிர்' என்று அடித்தால் என்னென்ன பைல் இருக்கிறது என்று பட்டியல் போடும். 'காப்பி' நகல் எடுக்கும், 'டெல்' அழிக்கும், 'ரென்' பெயர் மாற்றும், 'எம்டி' புது அறை கட்டும், 'சிடி' ஓர் அறையிலிருந்து இன்னோர் அறைக்குப் போகும். ஓர் எழுத்து பிசகினாலும் 'பேட் கமாண்ட் ஆர் பைல் நேம்' என்று முகத்தில் அடித்தாற்போல் சொல்லும். எந்தப் பைலுக்கும் எட்டு எழுத்துக்கு மேல் பெயர் வைக்க முடியாது. அதற்குப் பின் ஒரு புள்ளி, மூன்று எழுத்து. வாடிக்கையாளர் பெயரை எட்டெழுத்தில் சுருக்கப் போய் முருகேசன் எது, முருகானந்தம் எது என்று தெரியாமல் திண்டாடிய கணக்குப்பிள்ளைகள் உண்டு.

எங்கள் மண்டியில் அப்போது கணக்கு எழுதிய பையன் எல்லாக் கட்டளைகளையும் ஒரு நாற்பது பக்க நோட்டில் எழுதி வைத்திருந்தான். நோட்டைப் பூட்டி வைத்துவிட்டு அவன் ஊருக்குப் போனால் மண்டியே நிற்கும். இங்கிலீஷில் எழுத்துக்கூட்டத் தயங்குகிறவர்களுக்கும், பள்ளிப் படிப்போடு கடைக்கு வந்துவிட்ட நம்மைப் போன்றவர்களுக்கும் அந்தத் திரை ஒரு மூடிய கதவாகவே இருந்தது என்பதை மறைக்க வேண்டியதில்லை.

ஆனாலும் அதில் ஒரு நன்மை இருந்தது. நகல் எடுக்க வேண்டுமானால், எங்கிருந்து, எங்கே என்ற இரண்டையும் எழுதியாக வேண்டும். லாரியில் மூட்டை ஏற்றும்போது அனுப்புகிறவர் பெயரும் பெறுகிறவர் பெயரும் இல்லாமல் லாரி ஆபீஸில் சரக்கை எடுப்பார்களா? அது மாதிரி. கணக்கு எந்த டிரைவில், எந்தப் போல்டருக்குள் இருக்கிறது என்று தெரியாமல் டாஸில் ஓர் அடி நகர முடியாது. அந்தப் பையனைத் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் கணக்கு இருக்கும் இடத்தைச் சொல்வான்.

அதில் இருந்த ஆபத்தையும் சொல்ல வேண்டும். எங்கிருந்து, எங்கே என்பதை முன்பின்னாக மாற்றி அடித்துவிட்டால், நேற்றைய பிளாப்பியில் உள்ள பழைய கணக்கு இன்றைய கணக்கின் மேலேயே ஏறி உட்கார்ந்துவிடும். 1993-இல் வந்த டாஸ் 6.2-க்கு முன்பு, 'காப்பி' கட்டளை மேலெழுதுமுன் ஒரு வார்த்தைகூடக் கேட்காது. 'டெல்' என்று அடித்து நட்சத்திரம், புள்ளி, நட்சத்திரம் போட்டால் அந்த அறையில் உள்ள அத்தனை பைலும் போய்விடும். அதற்கு மட்டும் 'நிச்சயமாகவா?' என்று ஒரு தடவை கேட்கும். கேட்ட கேள்விக்கெல்லாம் ஒய் என்ற எழுத்தை அடித்தே பழகிய கை அதற்கும் ஒய் அடிக்கும்.

இரண்டுக்கும் நடுவே ஒரு நல்ல ஏற்பாடு வந்தது. 1986-இல் வெளிவந்த நார்ட்டன் கமாண்டர். நீலத் திரையை இரண்டு பாதியாகப் பிரித்து, இடது பக்கம் ஓர் அறை, வலது பக்கம் இன்னோர் அறை என்று காட்டும். இடப்பக்கம் கடை, வலப்பக்கம் குடோன் என்று வைத்துக்கொள்ளலாம். எஃப்5 அழுத்தினால் இங்கிருந்து அங்கே நகல், எஃப்8 அழுத்தினால் அழிவு. கட்டளையை மனப்பாடம் செய்ய வேண்டாம். அதே சமயம் சரக்கு எங்கிருந்து எங்கே போகிறது என்பது கண்ணுக்கு முன்னால் தெரியும். புதியவர்களுக்கு இதைவிட நல்ல ஆசிரியர் வந்ததில்லை என்பது நமது அபிப்பிராயம். விண்டோஸில் அதே இரட்டைப் பலகை முறையில் டோட்டல் கமாண்டர் என்ற புரோகிராம் இன்றும் இருக்கிறது. விரும்புகிறவர்கள் போட்டுப் பார்க்கலாம்.

படம் செய்த உபகாரமும் குழப்பமும்

விண்டோஸ் 3.0 வந்தபோது அதில் இரண்டு தனித்தனி இடங்கள் இருந்தன. புரோகிராம் மேனேஜர் என்ற இடத்தில் படங்கள். பைல் மேனேஜர் என்ற இடத்தில் பைல்கள். படங்கள் வெறும் அடையாளம்தான், ஒரு படத்தை அழித்தாலும் சரக்குக்குச் சேதமில்லை. 1995-இல் வந்த விண்டோஸ் 95 அந்த வேலியை எடுத்துவிட்டது. திரையின் முகப்பிலேயே நிஜமான பைலும் இருக்கலாம், பைலைக் காட்டும் ஷார்ட்கட்டும் இருக்கலாம் என்றாயிற்று. இரண்டுக்கும் வித்தியாசம் என்னவென்றால், ஷார்ட்கட் படத்தின் கீழ் இடது மூலையில் வளைந்த ஒரு சின்ன அம்பு இருக்கும். நமது நண்பரின் மகன் பார்க்கத் தவறியது அந்த அம்பைத்தான். எத்தனை பேருக்கு அந்த அம்பின் அர்த்தத்தை யாராவது சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள்?

உபகாரம் பெரியது என்பதில் சந்தேகமில்லை. இருப்பதெல்லாம் கண்ணுக்குத் தெரிகிறது. தவறி அழித்தாலும் ரீசைக்கிள் பின் என்ற குப்பைத் தொட்டியில் கிடக்கிறது, திருப்பி எடுத்துக்கொள்ளலாம். 2000-க்குப் பின் வந்த விண்டோஸில் போல்டருக்குத் தமிழிலேயே பெயர் வைக்கலாம். வீட்டில் உள்ள பெண்கள் பலர் இன்று பில் போடுகிறார்கள் என்றால் அதற்கு இந்தப் படமும் ஒரு காரணம். புதியவர் இதில்தான் தொடங்க வேண்டும் என்று நாம் தயங்காமல் சொல்வோம்.

ஆனால் தொட்டால் நகரும் பொருளில் சில நுணுக்கங்கள் உண்டு, அவற்றை யாரும் சொல்லித் தருவதில்லை. ஒரு போல்டரை மவுஸால் இழுத்து அதே டிரைவில் வேறு இடத்தில் விட்டால் அது இடம் பெயர்ந்துவிடும். பழைய இடத்தில் ஒன்றும் இருக்காது. இழுத்து இன்னொரு டிரைவில் விட்டால் நகல் எடுக்கும். மூலம் அங்கேயே இருக்கும். கையின் அசைவு ஒன்றே, பலன் இரண்டு விதம். பில் போடும் அவசரத்தில் கை நடுங்கி, 'கணக்கு' போல்டர் பக்கத்தில் உள்ள 'போட்டோ' போல்டருக்குள் விழுந்து, "கணக்கே காணோம்" என்று அலறியடித்த கடைகள் உண்டு. மவுஸின் வலப் பொத்தானால் இழுத்துப் பழகினால், விடும் இடத்தில் நகலா, நகர்த்தலா என்று அதுவே கேட்கும். இது ஒன்றைத் தெரிந்துகொண்டாலே பாதிச் சங்கடம் தீரும்.

பென் டிரைவில் இருப்பதை அழித்தால் அது குப்பைத் தொட்டிக்குப் போகாது, போனது போனதுதான்.

இன்னொன்று, பைலின் பெயருக்குப் பின்னால் வரும் மூன்றெழுத்தை விண்டோஸ் சாதாரணமாக மறைத்து வைக்கிறது. பார்ப்பதற்கு அழகாக இருக்கட்டும் என்று செய்தார்கள் போலும். இதனால் 'இன்வாய்ஸ்' என்ற பெயரில் ஈ-மெயிலில் வரும் ஒன்று நிஜமாகவே பில்லா, பில் வேஷம் போட்ட புரோகிராமா என்பது தெரிவதில்லை. டாஸ் காலத்தில் எக்ஸ்இ என்ற மூன்றெழுத்தைப் பார்த்தாலே அது ஓடக்கூடியது என்று பையன்கள் சொல்லிவிடுவார்கள். எக்ஸ்புளோரரில் 'வியூ' என்ற இடத்தில் 'பைல் நேம் எக்ஸ்டென்ஷன்ஸ்' என்பதை ஒருமுறை தட்டிவிட்டால் மறைவு விலகும். பணம் பறிக்கும் வைரஸ்கள் பல இப்படி வேஷம் போட்டுத்தான் உள்ளே வருகின்றன. 2017 மே மாதம் வான்னாக்ரை என்ற ஒன்று வேஷம்கூடப் போடாமல், விண்டோஸில் இருந்த ஓட்டை வழியாகவே நூற்றைம்பதுக்கும் மேற்பட்ட நாடுகளில் நுழைந்து, பைல்களைப் பூட்டிவிட்டு 300 டாலர் கேட்டது. அப்படிப் பூட்டுகிற வைரஸ் வரும் நேரத்தில் பென் டிரைவ் சொருகியே இருந்தால் அதிலுள்ள நகலும் சேர்ந்து பூட்டப்படும். நகல் எடுத்ததும் கழற்றிவிட வேண்டும்.

மாட்டு வண்டி வேண்டாம், தார்க்குச்சி வேண்டும்

சரி, புதியவருக்குக் கட்டளையே வேண்டாமா என்றால், ஒரே வேலையைத் தினமும் மாறாமல் செய்ய வேண்டிய இடத்தில் கட்டளைக்கு இணை இல்லை. மவுஸ் பிடித்த கை இரவு பத்து மணிக்குச் சோர்ந்து போகும், ஒரு நாள் மறக்கும், ஒரு நாள் தவறான போல்டரை எடுக்கும். எழுதி வைத்த கட்டளை சோர்வதில்லை.

எங்கள் மண்டியில் செய்திருக்கும் ஏற்பாட்டைச் சொல்கிறோம். நோட்பேடில் இரண்டே வரி எழுதி, கடைசியில் புள்ளி பி.ஏ.டி. என்று முடியும் பெயரில் வைத்திருக்கிறோம். பேட்ச் பைல் என்பார்கள். முதல் வரியில் 'எக்ஸ்காப்பி' என்ற கட்டளை. ஓர் இடைவெளி விட்டு, கணக்கு இருக்கும் போல்டரின் முழு முகவரி. மறுபடி இடைவெளி விட்டு, பென் டிரைவில் போய்ச் சேர வேண்டிய போல்டரின் முழு முகவரி. போல்டர் பெயரின் நடுவே இடைவெளி இருந்தால் முகவரியை இரட்டை மேற்கோள் குறிக்குள் போட வேண்டும். இறுதியில் சாய்கோடு போட்டு ஈ, ஐ, ஒய் என்ற மூன்று எழுத்து, ஒவ்வொன்றுக்கும் ஒரு சாய்கோடு. ஈ போட்டால் உள்ளே இருக்கும் சிறு போல்டர்களையும் எடுக்கும். ஐ போட்டால் போய்ச் சேரும் இடம் இல்லாவிட்டால் அதுவே கட்டிக்கொள்ளும். ஒய் போட்டால் ஒவ்வொரு பைலுக்கும் கேள்வி கேட்டு உயிரை வாங்காது. இரண்டாவது வரியில் 'பாஸ்' என்று ஒரே வார்த்தை. இது எதற்கென்றால், வேலை முடிந்ததும் கறுப்புத் திரை மறைந்துவிடாமல் நிற்கும். எத்தனை பைல் நகலாயிற்று என்ற எண்ணைப் படிக்கலாம். கணக்குப்பிள்ளை அந்த எண்ணை தினமும் ஒரு நோட்டில் எழுதுகிறார். ஒரு நாள் சைபர் என்று வந்தால் அன்றே தெரிந்துவிடும், எட்டு மாதம் கழித்துத் தெரியாது.

இந்தப் பேட்ச் பைல் மாதிரி ஆறு, திங்கள் முதல் சனி வரைக்கும். அவற்றுக்குத் தமிழிலேயே பெயர் வைத்து முகப்பில் வரிசையாக நிறுத்தியிருக்கிறோம். உள்ளே எழுதும் போல்டர் பெயர் மட்டும் ஆங்கில எழுத்தில் இருக்கட்டும். கறுப்புத் திரையில் தமிழ் எழுத்து ஒழுங்காக வருவதில்லை. கடை சாத்தும்போது டாலியை மூடிவிட்டு, அன்றைய கிழமையின் படத்தை யாராவது இரண்டு தட்டுத் தட்டினால் போதும். தட்டுகிறவருக்குக் கட்டளை தெரிய வேண்டியதில்லை. எழுதியவருக்குத் தெரிந்தால் போதும். வெள்ளிக்கிழமை கணக்கில் தவறு புகுந்துவிட்டது என்று சனிக்கிழமை தெரிந்தாலும் வியாழக்கிழமை நகல் தனியாக இருக்கிறது.

இதிலும் இடறும் இடம் உண்டு. பென் டிரைவுக்கு விண்டோஸ் கொடுக்கும் எழுத்து, கூடவே வேறொன்று சொருகியிருந்தால் மாறிவிடும். நேற்று 'ஈ' டிரைவ், இன்று 'எஃப்' டிரைவ். டிஸ்க் மேனேஜ்மெண்ட் என்ற இடத்தில் போய் இதற்கென்று ஓர் எழுத்தை நிரந்தரமாகக் கொடுத்துவிடலாம். விவரம் தெரிந்தவர் ஐந்து நிமிடத்தில் செய்வார். அப்புறம், யாராவது இளைஞர் ஆர்வத்தில் 'ரோபோகாப்பி' என்ற கட்டளையை எழுதிக் கொடுத்து, அதில் 'மிர்' என்று சேர்த்திருந்தால் உடனே எடுக்கச் சொல்லுங்கள். மூலத்தில் எது இல்லையோ அதை நகலிலும் அழித்துவிடுவது அதன் குணம். கணக்கு அழிந்த மறுநாள் அதை ஓட்டினால் நகலையும் சுத்தமாகத் துடைத்துக் கொடுக்கும்.

டாலி வைத்திருப்பவர்களுக்கு அதற்குள்ளேயே பேக்கப் என்ற வசதி இருக்கிறது, ஒரு பைலை உண்டாக்கித் தரும். அதையும் பயன்படுத்தலாம். ஆனால் அதுவும் எந்த இடத்தில் போய் உட்காருகிறது என்பதைப் பார்க்க வேண்டும். சி டிரைவிலிருந்து எடுத்த நகலைச் சி டிரைவிலேயே வைத்துவிட்டு நிம்மதியாகத் தூங்குகிறவர்கள் அநேகம் பேர். டாலியின் கணக்குப் போல்டருக்கு வெறும் எண்தான் பெயர். புதியவர் அதைப் பார்த்து ஏதோ குப்பை என்று அழித்துவிடக்கூடும். கம்பெனியைத் திறக்கும் இடத்தில் அந்த எண்ணும், அது இருக்கும் முகவரியும் தெரியும். அதை ஒரு காகிதத்தில் எழுதிக் கல்லாப் பெட்டியின் உட்புறம் ஒட்டி வையுங்கள்.

இதற்கெல்லாம் கம்ப்யூட்டர் சர்வீஸ் ஆளைக் கூப்பிடலாமே என்பீர்கள். கூப்பிடலாம். நகல் எடுக்க வாரம் ஒருமுறை வந்து, ஒவ்வொரு முறையும் ஐந்நூறு ரூபாய் வாங்கிக்கொண்டு, கணக்கு எங்கே இருக்கிறது என்று கேட்டால் மட்டும் "அதெல்லாம் உங்களுக்குப் புரியாது, சார்" என்று சொன்ன ஒருவரை நாம் அறிவோம். சாவியை அடுத்தவர் இடுப்பில் சொருகிவிட்டு நாம் கடை நடத்துவதா?

சட்டமும் இதைக் கேட்கிறது. ஜி.எஸ்.டி. சட்டத்தின் 36-ஆவது பிரிவுப்படி, அந்த ஆண்டின் வருடாந்தர ரிட்டர்னுக்கு உரிய கடைசித் தேதியிலிருந்து 72 மாதம் கணக்கைக் காப்பாற்றி வைக்க வேண்டும். மின்னணு முறையில் கணக்கு வைத்திருந்தால், விபத்தாலோ இயற்கைச் சீற்றத்தாலோ அது அழிந்தாலும் நியாயமான காலத்துக்குள் மீட்கக்கூடிய வகையில் நகல் பராமரிக்க வேண்டும் என்று விதி 57 சொல்கிறது. "ஹார்ட் டிஸ்க் போய்விட்டது, ஐயா" என்று அதிகாரியிடம் சொன்னால், "நகல் எங்கே?" என்று கேட்க அவருக்கு உரிமை உண்டு.

எடுத்த நகல் நிஜமான நகல்தானா என்று பார்க்க ஒரு சுலபமான வழி. அதன்மேல் மவுஸின் வலப் பொத்தானை அழுத்தி, 'ப்ராப்பர்ட்டீஸ்' என்பதைத் திறந்து எடையைப் பாருங்கள். எடை என்றால் நமக்குத் தெரியும் அல்லவா? ஒரு வருஷக் கணக்கு பல எம்.பி. இருக்கும். ஷார்ட்கட் ஒன்றிரண்டு கே.பி.க்கு மேல் இருக்காது. மூட்டை தூக்கும்போதே தெரிகிற வித்தியாசம் இது. மாதம் ஒரு முறையாவது பென் டிரைவை வேறொரு கணிப்பொறியில் சொருகி, அதிலிருந்து கணக்கைத் திறந்து, நேற்றைய பில் ஒன்றைப் படித்துப் பாருங்கள். அதே கணிப்பொறியில் சோதித்தால் சோதனை ஆகாது. அந்தப் பிள்ளை சோதித்துத்தான் வைத்திருந்தான்.

பென் டிரைவ்கள் இரண்டு இருக்கட்டும். 2015 டிசம்பரில் சென்னையிலும், 2023 டிசம்பரில் திருநெல்வேலி, தூத்துக்குடி மாவட்டங்களிலும் வெள்ளம் புகுந்தபோது, கணிப்பொறியும் அதன் பக்கத்து மேஜை இழுப்பறையில் இருந்த நகலும் ஒரே தண்ணீரில் கிடந்த கடைகள் உண்டு. ஒன்று கடையில், இன்னொன்று வீட்டில், தரையிலிருந்து உயரமான தட்டில். வாரத்துக்கு ஒரு நாள் இரண்டையும் மாற்றிக்கொள்ள வேண்டும். எங்கள் மண்டியில் அது வெள்ளிக்கிழமை, பூஜை முடிந்த பிறகு.